வடக்கு நடைபாதையில் ஒரு கல்

அத்தியாயம் 11

"இந்த மாசம் வியாழக்கிழமை எதுலயும் அவருக்கு மத்தியான வேலை போடலையேம்மா."

லிஃப்ட் கம்பெனியில் போனை எடுத்த பெண் இப்படிச் சொன்னது செவ்வாய்க்கிழமை. அன்றிலிருந்து தையல்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாலு வியாழக்கிழமைகளாக அவள் புருஷன் ஒரே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, மத்தியானம் போயே ஆகவேண்டும். நின்றுபோன லிஃப்டைக் கிளப்பப் போகிறவர் எதற்காகச் சீருடைக்குள் இஸ்திரி போட்ட சட்டை போட வேண்டும்? போன் வந்தால் ஏன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்?

கடைசியில் துவைக்கப் போட்ட சீருடையின் பையிலிருந்து அந்தக் காகிதம் வந்தது. நகரத்து நடுவிலிருக்கும் விளையாட்டுப் பூங்காவின் வரைபடம். வடக்கு மூலையில் பேனாவால் ஒரு வட்டம்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளை அங்கே கூட்டிப்போகாத மனிதர். கேட்டால், "அங்க என்ன இருக்கு, புல்லும் குழாயும்தானே" என்பார். செத்துப்போன மாமனாரும் அதையேதான் சொல்லுவார். இத்தனைக்கும் அந்தப் பூங்காவுக்குக் குழாய் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

தையல்காரி வேலை செய்வது ஒரு பெரிய துணிக்கடையின் கீழ்த்தளத்தில். பிடிப்பது, தளர்த்துவது, மடித்து அடிப்பதுதான் வேலை. ஒரு ஆள் படியிறங்கி வரும்போதே எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண் சொந்த வீட்டில் கோட்டை விட்டதே என்பதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப்பில் நாத்தனார் காத்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கைப்பையிலிருந்து இரண்டு கறுப்புக் கண்ணாடிகளை எடுத்தாள்.

"அண்ணி, இதைப் போட்டுக்குங்க. அண்ணனுக்கு அடையாளம் தெரியக் கூடாதுல்ல?"

"பன்னெண்டு வருஷம் கூடவே இருந்தவருக்கு என் நடை தெரியாதா? இதைப் போட்டா அவருக்கு முன்னாடி நான்தான் முட்டிக்கிட்டு விழுவேன்."

நாத்தனார் சிரிக்கவில்லை. விஷயத்தைத் தையல்காரி செவ்வாய்க்கிழமை இவளிடம்தான் முதலில் சொன்னாள். அப்போது நாத்தனார் முகம் வெளுத்துப்போய், "தனியா போகாதீங்க அண்ணி, நானும் வரேன்" என்றாள். நமக்காக இவளாவது இருக்கிறாளே என்று தையல்காரி கண்கலங்கிப் போனாள்.

ஆனால் பஸ் ஏறியதிலிருந்து நாத்தனாரின் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"வேற ஏதாவது வேலையா இருக்கும் அண்ணி."

இரண்டு ஸ்டாப் கழித்து, "நேர்ல பார்த்துட்டா அப்புறம் மறக்க முடியாது. இப்படியே இறங்கித் திரும்பிடலாமா?"

இறங்கும்போது, "எனக்கு என்னவோ தலையே வலிக்குது."

தையல்காரி முதலில் இறங்கினாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெரிய விளையாட்டுப் போட்டி ஊரில் நடந்தபோது, பழைய கிடங்குகளை இடித்துவிட்டு எழுப்பிய பூங்கா அது. நுழைந்ததும் வரிசையாகக் கொடிக்கம்பங்கள். கொடிகள் எப்போதோ போய்விட்டன. கயிறுகள் மட்டும் காற்றில் கம்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. ஓட்டக்காரர்களின் நேரத்தைக் காட்டிய பலகை இப்போது அடுத்த பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று காட்டியது. பதக்கம் கொடுத்த மேடையை அப்படியே கல்லில் கட்டி வைத்திருந்தார்கள். படம் எடுத்துக்கொள்ள வந்த ஆபீஸ்காரர்கள் நாலுபேர் முதல் படியில் ஏறுவதற்கு இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தொண்டை வறண்டு போச்சு" என்றாள் தையல்காரி.

"அந்த மூணாவது கம்பத்துக்குப் பின்னாடி குழாய் இருக்கு."

நாத்தனார் சொன்ன இடத்தில் குழாய் இருந்தது. குனிந்து குடித்தவள் நிமிரும்போது அதன்மேல் பதித்திருந்த தகட்டைப் பார்த்தாள். போன வருஷத்துத் தேதி.

"ஏன்டி, ஸ்கூல் படிக்கும்போது வந்ததோட சரின்னு சொன்னே?"

"ஆமா."

"குழாய் போன வருஷம்தான் போட்டிருக்காங்க."

நாத்தனார் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "குழாய்னா இந்த மாதிரி இடத்துலதானே வைப்பாங்க. சும்மா ஒரு குத்துமதிப்பா சொன்னேன். வாங்க, இப்படித் தெற்குப் பக்கமா சுத்திப் போவோம். நிழலா இருக்கு."

"வட்டம் போட்டிருந்தது வடக்குல" என்று சொல்லிவிட்டுத் தையல்காரி வடக்கே நடந்தாள்.

பூங்காவின் நடைபாதைகள் முழுக்கப் பெயர் பொறித்த கற்கள். நடுவில் ஜெயித்தவர்களுடையவை. அதைச் சுற்றி ஊர்ப் பெரிய மனிதர்களுடையவை. வடக்கு மூலையில், கழிப்பறைக்கும் குப்பைத்தொட்டிக்கும் இடையே போன பாதை பூங்காவைக் கட்டிய வேலைக்காரர்களுக்கு ஒதுக்கியது. ஆளுக்கு ஒரு கல். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

அங்கேதான் அவர் இருந்தார்.

தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பெண், கையில் ஒரு ஃபைல். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் எதையோ சொல்லிக் கையால் தரையில் சின்ன வட்டம் போட்டுக் காட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

தையல்காரி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "கெஞ்சுறாரு. என்கிட்ட ஒரு நாள்கூட இப்படிக் கெஞ்சினது இல்ல."

அவள் காலெடுத்து வைப்பதற்குள் நாத்தனார் மணிக்கட்டைப் பிடித்தாள். அது ஆறுதலுக்குப் பிடித்த பிடி இல்லை. வளையல் சதையில் அழுந்தியது.

"வேண்டாம் அண்ணி. கும்பலா இருக்கு. வீட்ல போய்க் கேட்டுக்கலாம்."

"கையை விடு."

அதற்குள் அவர் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு கிழக்கு வாசல் பக்கமாக வேகமாகப் போய்விட்டார். ஃபைல்காரி எதிர்ப்பக்கம் இருந்த சின்னக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். வாசலில் 'கல் பதிவேடு' என்று பலகை இருந்தது.

தையல்காரி அவர் முட்டிபோட்டிருந்த இடத்துக்கு வந்தாள். ஈரத்துணியால் துடைத்த ஒரு கல் மட்டும் பளிச்சென்று இருந்தது. 214 என்று மூலையில் எண்.

'உருண்டைக்கும் வாலுக்கும் மௌனிக்கும், அப்பா.'

உருண்டை அவள் புருஷன்தான். குச்சி மாதிரி இருந்த பிள்ளைக்கு மாமனார் வைத்த செல்லப்பெயர். வாலு பக்கத்தில் நிற்கிறாள்; சின்ன வயதில் பல்லியைப் பார்த்தாலே கட்டிலில் ஏறிக்கொண்டவளுக்கு அந்தப் பெயர். மனிதர் எல்லாருக்கும் ஏறுக்குமாறாகத்தான் பெயர் வைப்பார்.

"மௌனி யாரு?"

நாத்தனார் குப்பைத்தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். உங்கப்பாவுக்கு நீங்க ரெண்டு பேர்தானே?"

"எனக்கு என்ன அண்ணி தெரியும்? வேற யாராவது எழுதினதா இருக்கும்."

"உருண்டையும் வாலும் ஊருக்கு ஊர் இருக்காங்களா?"

கேட்டுக்கொண்டே தையல்காரி அந்தக் கட்டடத்தை நோக்கி நடந்தாள். நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்து, உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த ஃபைல்காரி நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரியை அல்ல, அவள் தோளுக்கு மேலே வாசலை.

"நீங்களா? கறுப்புக் கண்ணாடி போட்டா தெரியாதாக்கும். அன்னிக்கே சொன்னேனே மேடம். ஒருத்தர் கல்லைப் பேர்த்து எடுக்கிறதெல்லாம் நடக்காது."

தையல்காரி மேஜைக்கு நெருங்கி வந்தாள்.

"எந்தக் கல்லை?" என்றாள் தையல்காரி.

"அதான், இருநூத்திப் பதினாலு. இவங்க மூணு தடவை வந்தாச்சு. அதே கல்லுக்கு இன்னொருத்தர் வியாழக்கிழமை வியாழக்கிழமை வர்றாரு. அவர் எடுக்க வேண்டாங்கிறாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் அதுமேல ஒரு பூந்தொட்டி வைக்கணுமாம். உங்க குடும்பத்துக்கு அந்தக் கல்லு மேல அப்படி என்ன கோபம்?"

தையல்காரி திரும்பினாள். நாத்தனார் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள்.

மூன்று நாளாகத் தனக்காகத் துடிக்கிறாள் என்று நினைத்த முகம். பஸ்ஸில் வந்த தலைவலி, மூன்றாவது கம்பத்துக் குழாய், தெற்குப் பக்கத்து நிழல், மணிக்கட்டில் விழுந்த பிடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குள் வந்து உட்கார்ந்தன.

"என்னைக் காவல் காக்கவா கூட வந்தே?"

"அண்ணி..."

"உங்கண்ணனும் நீயும் சேர்ந்துக்கிட்டு என்னை ஆட்டி வைக்கிறீங்களா?"

"சத்தியமா அண்ணன் இங்க வர்றது எனக்குத் தெரியாது. நீங்க அந்தக் காகிதத்தைக் காட்டினப்பதான் தெரியும். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பூங்கா திறந்த அன்னிக்கு அப்பா என்னை மட்டும் கூட்டிட்டு வந்தார். எனக்குப் பதினாலு வயசு. கல்லைக் காட்டினார். மௌனி யாருப்பான்னு கேட்டேன். 'உனக்கு ஒரு அக்கா இருக்கா. அம்மாகிட்ட மட்டும் சொல்லாத'ன்னார். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேக்கல."

"இருபது வருஷமா?"

"யார்கிட்ட சொல்றது? அம்மாகிட்டயா? ஞாயித்துக்கிழமை இருபதாவது வருஷ விழா. கட்டினவங்க குடும்பம் எல்லாம் அவங்கவங்க கல்லுக்கிட்ட உட்காரணுமாம். அம்மா வந்து இதைப் படிச்சா என்னாகும்? அதான் எடுத்துடச் சொன்னேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். தோளைத் தொடத் தையல்காரிக்குக் கை எழவில்லை. இவள் சொல்வதில் எது முழுசு, எது பாதி? இருபது வருஷம் ஒரு அக்காவை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தவள், இன்னும் எதை வைத்திருக்கிறாளோ.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

"சின்னதுதான் மேடம், பாருங்க. மூணாவது பேரை மட்டும்தான் மறைக்கும்..."

நெஞ்சோடு ஒரு பூந்தொட்டியை அணைத்துக்கொண்டு அவள் புருஷன் உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட்ல செடியெல்லாம் வளர்க்குறாங்களா?" என்றாள் தையல்காரி.

"நான் சொல்றேன், கேளு."

"சொல்லுங்க. இன்னைக்கு எல்லாருமே சொல்றீங்க."

அவர் தொட்டியைத் தரையில் வைத்தார். போன மாசம் விழா அழைப்பு வந்ததாம். அதில் கல்லின் எண்ணும் வாசகமும் அச்சடித்திருந்ததாம். படித்த நிமிஷமே அப்பாவுக்கு மூன்றாவதாக ஒரு பிள்ளை இருப்பது புரிந்துபோனதாம். அழைப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, இடம் நிரம்பிவிட்டது, நமக்கு நாற்காலி இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஆனால் கூடக் குழாய் போட்டவரின் மனைவி யாரோ அம்மாவிடம் விழாவைப் பற்றிப் பேசிவிட்டாள். அம்மா எப்படியும் வந்தே தீருவேன் என்று நிற்கிறாள்.

"இஸ்திரி போட்ட சட்டை?"

"ஆபீஸ்ல ஒரு உதவி கேக்கப் போறோம், கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு."

ஃபைல்காரி இருமினாள். "மரியாதையாத்தான் இருந்தீங்க சார்."

"பால்கனி போன்?"

"இவங்ககூடத்தான்."

தையல்காரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. வேறொரு பெண் இல்லை. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "பக்கத்துலதானே படுத்திருந்தேன் ஒரு மாசமா? எழுப்பிச் சொன்னா நான் என்ன ஊரைக் கூட்டிடுவேனா? அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கம் மூடி மறைக்க ஓடுறீங்க. நான் மட்டும் வெளியாள், இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பா மேல இருந்த மதிப்பு போயிடும்னு பயந்தேன். உனக்கு அவர்னா உயிராச்சே."

தங்கையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். "உனக்கு இது முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

அவள் பதில் சொல்வதற்குள் ஃபைல்காரி மேஜையைத் தட்டினாள். "வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்குங்க. எடுக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. எழுதிக் கொடுத்தவர் சம்மதம் வேணும். அவர் இல்லாட்டி, கூடக் கையெழுத்துப் போட்டவங்க சம்மதம் வேணும்."

"கூடவா? கூட யாரு?" என்றார் அவர்.

"குடும்பத்துல ஒருத்தர் வாசகத்தைப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாதான் கல்லுல ஏத்தினாங்க. அப்புறம் தகராறு வரக் கூடாதுன்னு. பழைய படிவமெல்லாம் கீழறையில கிடந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் கைக்கு வந்துது."

அவள் ஃபைலைத் திறந்து ஒரு பழுப்பேறிய காகிதத்தைத் திருப்பி வைத்தாள். மேலே மாமனாரின் கோணல் எழுத்தில் அந்த வாசகம். கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே இன்னொன்று: முதல் எழுத்து பெரிதாக, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் ஒரு சுழி.

பார்சல்காரன் நீட்டும் சீட்டில் வாராவாரம் தையல்காரி பார்க்கிற சுழி.

"அம்மா" என்றாள் நாத்தனார்.

"இருக்காது. மாமாவே போட்டிருப்பார்" என்றாள் தையல்காரி.

அவர் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இல்ல. ஸ்கூல்ல ரேங்க் கார்டுக்கெல்லாம் இந்தக் கையெழுத்தை நான்தான் திருட்டுத்தனமா போடுவேன். எவ்வளவு பழகியும் அந்தச் சுழி மட்டும் எனக்கு வரவே வராது. இது அம்மா போட்டதுதான்."

யாருக்குத் தெரியக் கூடாது என்று ஒருத்தி இருபது வருஷமும் ஒருவர் ஒரு மாசமும் தூக்கத்தைத் தொலைத்தார்களோ, அவள் கல் பொறிப்பதற்கு முன்னாலேயே படித்துவிட்டுச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். தெரியாதவள் போலவே இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு அவங்களே போன் பண்ணிட்டாங்களே" என்றாள் ஃபைல்காரி, இன்னொரு பட்டியலைப் பார்த்துக்கொண்டு. "திங்கக்கிழமை. இருநூத்திப் பதினாலுக்கு அஞ்சு நாற்காலி."

"நாலு" என்றார் அவர்.

"அஞ்சு. நான்தான் எழுதினேன். ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன்."

அவர் வாய்க்குள் எண்ணுவது தெரிந்தது. அம்மா, தான், மனைவி, தங்கை. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

வெளியே மத்தியானத் தண்ணீர் ஆட்டம் தொடங்கியது. தரைக்குள்ளிருந்து நூறு இடங்களில் நீர் பீய்ச்சி எழுந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது.

"அம்மாகிட்ட யார் கேக்குறது?" என்றாள் நாத்தனார்.

அண்ணனும் தங்கையும் ஒரே சமயத்தில் தையல்காரியைப் பார்த்தார்கள்.

"இதுக்கு மட்டும் நான் வீட்டாளா?" என்றாள். ஆனாலும் போனை எடுத்துவிட்டாள். கேட்காமல் இன்னொரு ராத்திரி அந்த வீட்டில் அவளால் படுக்க முடியாது.

இரண்டாவது மணியிலேயே மாமியார் எடுத்தாள்.

"அத்தை, நான்தான். கடையிலேர்ந்து பேசுறேன். சும்மாதான், மாத்திரை போட்டீங்களான்னு..."

"போட்டாச்சு. அவனும் அவளும் பக்கத்துல இருக்காங்களா?"

தையல்காரி ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள். "யாரு அத்தை?"

"தண்ணி சத்தம் கேக்குதேம்மா. அது உங்க மாமா போட்ட குழாய். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

அந்தப் பூங்காவின் வாசலைக்கூட மிதித்ததில்லை என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். தையல்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மற்ற இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாற்காலிக்காரங்க அங்கதானே இருப்பாங்க?" என்றாள் மாமியார், கடைக்குப் போனவளிடம் மறந்துபோன ஒன்றைச் சொல்வதுபோல. "அதுல ஒண்ணை மட்டும் நிழல்ல போடச் சொல்லும்மா. அவளுக்கு வெயில் ஒத்துக்கவே ஒத்துக்காது."